வழக்கு போன் இங்கே திறக்கப்படாது

கடைக்குள் நுழைந்ததும் இடது பக்கம், டிஸ்பிளே பக்கெட்டுகள் தொங்கும் ஆணிகளுக்கு மேலே, போன மாதம் ஒரு அட்டை ஒட்டினேன். மார்க்கர் பேனாவால் நானே எழுதியது: "வழக்கு போன் இங்கே திறக்கப்படாது." அதன் கீழே சிங்களத்திலும் எழுதியிருக்கிறேன். சிங்களத்தில் ஒரு எழுத்துப் பிழை என்று பக்கத்து பேக்கரிக்கார அய்யா சொன்னார். வாசிக்கிறவனுக்கு விளங்கினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னா தம்பி, லொக் எடுக்கிறதுதானே உங்க பொழப்பே?"

உண்மைதான். ஹட்டனில் பன்னிரண்டு வருடமாக போன் திருத்துகிறேன். சார்ஜிங் பின் மாற்றுவது, டிஸ்பிளே போடுவது, சொஃப்ட்வெயார் அடிப்பது, ரீலோட், போட்டோ கொப்பி. அம்மா இன்னும் ஊரில் "மகன் கொமினிகேஷன் வெச்சிருக்கான்" என்றுதான் சொல்கிறார். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் லொக் எடுக்கக் கொண்டு வந்த போன்களில் எத்தனை ஏதோ ஒரு பிரச்சினையில் சிக்கிய போன் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. அடிபட்டவரின் மச்சான் கொண்டு வருவார். இன்சூரன்ஸ்காரர் கொண்டு வருவார். காக்கிச் சட்டைக்காரர்களும் கொண்டு வந்திருக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து என்று எழுத மாட்டேன். "மல்லி, இத கொஞ்சம் ஓபன் பண்ணிக் குடு" என்பார்கள். நானும் ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டுத் திறந்து கொடுப்பேன். துண்டு கிடையாது, பதிவு கிடையாது. பெருமையாகக்கூட இருந்தது.

அட்டை ஒட்டியதற்குக் காரணம் கண்டியில் நடந்த மூன்று நாள் பயிற்சி. குற்றம் நடந்த இடத்தில் டிஜிட்டல் சாட்சியத்தை எப்படிக் கையாள்வது என்று. கடைக்கு வரும் ஒரு சட்டத்தரணி அக்காதான் சொன்னார்: "நீங்க போகணும் தம்பி. போன் எங்க கைக்கு வர முந்தி உங்க கைக்குத்தான் வருது." கட்டணம் ஒரு நல்ல ஐபோன் டிஸ்பிளேயின் விலை. யோசித்துவிட்டுத்தான் கட்டினேன். விடியற்காலை பஸ், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, அரைத் தூக்கத்தில் கண்டி.

வகுப்பில் பாதிப் பேர் பொலிஸ். மிச்சம் வங்கி, பைனான்ஸ் கம்பனி, ஹொட்டேல்களின் ஐடி பையன்கள். கடைக்காரன் நான் ஒருவன்தான். தமிழ் பேசுகிறவர்கள் நாலு பேர். படிப்பித்தவர் பொலிஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சேர். ஸ்லைட் ஆங்கிலத்தில், பேச்சு சிங்களத்தில், விளங்காத இடத்தில் மட்டும் உதவிக்கு இருந்த மிஸ் தமிழில் சொல்வார்.

முதல் நாள் காலை முழுக்கச் சட்டம். கொட்டாவி வந்தது, மறைக்கவில்லை. ஆனால் எழுதி வைத்தது பிறகு உதவியது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு தகவல் அழிந்துவிடும் என்று பயம் இருந்தால், அது யார் கையில் இருக்கிறதோ அவரிடம் ஏழு நாள் வரை அப்படியே வைத்திருக்கச் சொல்லி பொலிஸ் எழுத்தில் அறிவிக்கலாம். நீதவானிடம் போனால் அதை 90 நாள் வரை நீட்டலாம். அதற்கும் முந்தி 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். டேப்பில், கணினியில் பதிவானதை எப்படிச் சாட்சியமாக வைப்பது என்று சொல்வது. வழக்குக்கு 45 நாளுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்துவிட வேண்டும், அவர்கள் கேட்டால் பார்க்கக் கொடுக்க வேண்டும். நான் நினைத்துக்கொண்டிருந்தது, கோர்ட்டில் போனை நீட்டினால் நீதவான் வாங்கிப் பார்ப்பார் என்று.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் விஷயமே. ஒரு அறையைக் குற்றம் நடந்த இடம் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். கட்டில், மேசை, மேசையில் ஒன் ஆகியிருக்கும் லெப்டொப், கட்டிலில் ஒரு போன், தலையணைக்கு அடியில் இன்னொன்று, மூலையில் ரவுட்டர், அலுமாரிக்கு மேலே சிசிடிவி கமெராவின் படம் பதிவாகும் டிவிஆர் பெட்டி. இரண்டிரண்டு பேராக உள்ளே அனுப்பினார்கள். என்னோடு ஒரு சார்ஜன் மாத்தியா. ஐம்பது வயது இருக்கும், மெதுவான மனிதர். அவர் கதவடியில் நின்று கையுறை போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் நான் கட்டிலில் இருந்த போனை எடுத்து, பக்கத்து பட்டனை அழுத்தி, எத்தனை வீதம் சார்ஜ் இருக்கிறது என்று பார்த்துவிட்டேன்.

பின்னால் இருந்து சேர் கேட்டார்: "ஐசே, ஏன் எடுத்தீர்?"

பதில் இல்லை. பன்னிரண்டு வருடமாக யார் போன் நீட்டினாலும் என் கை முதலில் செய்வது அதைத்தான்.

அவர் திட்டவில்லை. வெள்ளைப் பலகையில் நேரத்தை எழுதி, பக்கத்தில் என் பெயரை எழுதினார். "இனி இந்த வழக்கு முடியுற வரைக்கும் இவரும் சாட்சி. 'நீ எடுக்க முந்தி ஸ்கிரீன்ல என்னா இருந்திச்சி'ன்னு சட்டத்தரணி கேப்பாரு. என்னா சொல்லுவீர்?"

முதலில் படம் எடுக்க வேண்டும். அறை முழுக்க, பிறகு கிட்டே, பிறகு ஸ்கிரீனில் தெரிவது எழுத்து வாசிக்கிற அளவுக்கு. போன் ஓஃப் ஆகியிருந்தால் ஒன் பண்ணக்கூடாது. ஒன்னில் இருந்தால் ஓஃப் பண்ணக்கூடாது. இது எனக்குத் தலைகீழாக இருந்தது, ஏனென்றால் கடையில் எந்தக் கோளாறுக்கும் முதல் மருந்து ரீஸ்டார்ட்தான். ஒரு தடவை பின் நம்பர் அடித்துத் திறந்து, பிறகு பூட்டிய போன் ஒரு ஜாதி. ரீஸ்டார்ட் ஆகி இன்னும் யாரும் பின் அடிக்காத போன் வேறு ஜாதி. முதலாவதில் உள்ளே இருக்கும் தகவலைத் திறக்கிற சாவி இன்னும் மெமரிக்குள் இருக்கிறது, ஆய்வுகூடத்துக்கு ஒரு வழி கிடைக்கலாம். இரண்டாவதில் எல்லாமே பூட்டின பெட்டிக்குள். 2024இல் வந்த ஐஓஎஸ் 18.1க்குப் பிறகு ஐபோன் மூன்று நாள் திறக்கப்படாமல் கிடந்தால் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. அலுமாரியில் சீல் வைத்துப் பூட்டிவிட்டு திங்கட்கிழமை பார்ப்போம் என்றால் திங்கட்கிழமை அது வேறு போன்.

லெப்டொப்பும் அப்படித்தான். ஒன்னில் இருப்பதை ஷட்டவுன் பண்ணினால் மெமரியில் ஓடிக்கொண்டிருந்தது போய்விடும், டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் திரும்பத் திறக்க சாவி வேண்டும். ஸ்கிரீன் கறுத்திருந்தால் மவுஸை ஒரு விரல் அசைக்கலாம், அசைத்ததையும் நேரத்தோடு எழுத வேண்டும். சார்ஜன் மாத்தியா அதைக்கூட எழுதினார். "மவுஸ் வலது பக்கம் கொஞ்சம் நகர்த்தப்பட்டது." எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

இரண்டாம் நாள் சிக்னல். எடுத்த போனுக்கு வெளியிலிருந்து ஒன்றும் போகக்கூடாது. தூரத்தில் இருந்தே அழித்துவிடலாம், வட்ஸ்அப்பில் அனுப்பியவன் எல்லோருக்கும் அழி என்று கொடுத்தால் இங்கேயும் காணாமல் போகும். ஸ்கிரீன் திறந்திருந்தால் விமான மோட் போடலாம். வைஃபையும் புளூடூத்தும் சில போன்களில் அப்போதும் ஒன்னிலேயே நிற்கும், தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பூட்டியிருந்தால் ஃபரடே பை என்று ஒரு பை. உள்ளே உலோக நூல் நெய்தது. போட்டு மடித்து மூடினால் அலை உள்ளே போகாது.

"பை இல்லாட்டி?" என்று யாரோ கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "தேயிலை டின்ல போடலாமே சேர்." அவர் உடனே ஒரு டின் எடுத்து வரச் சொன்னார். ஹொட்டேல்காரர்கள் வெள்ளைக்காரருக்கு விற்கிற, யானைப் படம் போட்ட டின். என் போனையே உள்ளே போட்டு மூடி இறுக்கினோம். மிஸ் கோல் எடுத்தார். டின்னுக்குள்ளிருந்து என் ரிங்டோன் கணீரென்று வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மூடியும் டின்னும் தொடும் இடம் முழுக்கப் பெயிண்ட், உலோகத்தோடு உலோகம் ஒட்டவில்லை. சுற்றிவர ஒரு மெல்லிய இடைவெளி போதும், அலை நுழைந்துவிடும். பிறகு சமையலறை அலுமினியத் தாளில் மூன்று சுற்றுச் சுற்றினோம். அடிக்கவில்லை. அதுவும் அவசரத்துக்குத்தான் என்றார் சேர். ஒவ்வொரு தடவையும் வேறொரு போனைச் சுற்றிப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும், வழக்குப் போனுக்குக் கோல் எடுத்துப் பரீட்சிக்கக்கூடாது. இன்னொன்று, பைக்குள் போன போன் சிக்னல் தேடித் தேடி பற்றரியைத் தின்றுவிடும். அதனால் பவர்பேங்கையும் உள்ளேயே வைக்க வேண்டும். வயரை வெளியே விட்டால் அந்த வயரே அன்டெனா.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று சொல்ல இருந்தது, சொன்னேன். எங்கள் பக்கம் பள்ளத்து லயங்களில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சிக்னலே கிடையாது. பேச வேண்டும் என்றால் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கே போனை எடுக்கிறவர், இங்கேதான் சிக்னல் இல்லையே என்று சும்மா சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஜீப் கீழே இறங்கும். ரோட்டு வளைவில் ஒரு இடத்தில் திடீரென்று நாலு கோடு. அவ்வளவு நேரம் வெளியே காத்துக்கொண்டிருந்தது எல்லாம், அழிக்கச் சொன்ன கட்டளை உட்பட, ஒரேயடியாக டிங் டிங் என்று உள்ளே இறங்கும். சம்பவம் லயத்தில், சாட்சி போவது ரோட்டு வளைவில். சேர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். மூன்று நாளில் நான் சம்பாதித்த ஒரே மரியாதை அது.

டிவிஆர் பெட்டியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எங்கள் கடைத்தெருவில் பாதிக் கடைக்கு நான்தான் கமெரா பூட்டினேன், அதனால் இது என் பிழையும்கூட. பயிற்சி அறையின் பெட்டியில் மணி 16.52. சார்ஜன் மாத்தியா தன் போனைப் பக்கத்தில் பிடித்தார், 14.18. இரண்டையும் ஒரே படத்தில் எடுக்கச் சொன்னார் சேர். வித்தியாசம் இரண்டு மணி 34 நிமிடம். இரண்டரை மணி எங்கிருந்து வந்தது? பெட்டி சீனாவில் செய்தது, பூட்டினவன் நேர வலயத்தை மாற்றவில்லை. பீஜிங் எட்டு மணி நேரம் முன்னால், நாம் ஐந்தரை. மிச்ச நாலு நிமிடம் வருடக் கணக்கில் கடிகாரம் ஓடி ஓடிச் சேர்ந்தது. இப்போது அந்தப் பெட்டியில் 13ஆம் திகதி அதிகாலை 1.20 என்று ஒருவன் நடந்து போகிறான். நிஜத்தில் அது 12ஆம் திகதி இரவு 10.46. நேரம் மட்டுமா, திகதியே வேறு. 13ஆம் திகதி அதிகாலை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்கிற ஒரு அப்பாவி உள்ளே போகலாம், குற்றவாளி வெளியே வரலாம். பெட்டியின் மணியைத் திருத்தவும் கூடாதாம். வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, இருந்தபடியே எடுக்க வேண்டும். அதுவும் சீக்கிரம், டிஸ்க் நிரம்பினால் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக நான் பூட்டிய பெட்டிகளைப் போய்ப் பார்த்தேன். மூன்று பெட்டி பீஜிங்கில் இருந்தது. ஒன்று 2000ஆம் ஆண்டில் இருந்தது. அந்த முதலாளியிடம், "உங்க கடையில இன்னும் கமெராவே வரல முதலாளி" என்றேன். அவருக்கு அது பகிடியாகப் படவில்லை.

ஹேஷ் பற்றி மிஸ் தமிழில் விளக்கியபோது நாலு பேருக்கும் விளங்கவில்லை. ஒரு ஃபைலை ஒரு கணக்குக்குள் போட்டால் வெளியே ஒரு நீளமான குறி வரும். எஸ்எச்ஏ-256 என்றால் 64 எழுத்து. ஃபைலில் ஒரு முற்றுப்புள்ளியைத் தட்டினாலும் அந்தக் குறியே வேறாகிவிடும். எடுக்கும்போது ஒரு குறி, ஆய்வுகூடத்தில் ஒரு குறி, கோர்ட்டில் ஒரு குறி, மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். "எதுக்கு இவ்வளவு?" என்றார் பக்கத்தில் இருந்த வங்கித் தம்பி. எனக்கு அம்மாதான் ஞாபகம் வந்தார்.

அம்மா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். மலையில் ஒரு நிறுவை, ஃபெக்டரியில் ஒரு நிறுவை. இரண்டுக்கும் நடுவில் கிலோ குறையும். கேட்டால் தண்ணீருக்குக் கழித்தது என்பார்கள், சாக்குக்குக் கழித்தது என்பார்கள். அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழு நாள் சம்பளமா பாதியா என்பது அந்த இரண்டு கிலோவில் தொங்கும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அடுப்புக்குப் பின்னால் சுவரில் கரியால் கோடு போடுவார், காலைக்கு ஒரு வரிசை, பகலுக்கு ஒரு வரிசை, அந்திக்கு ஒரு வரிசை. சம்பளத் துண்டு வந்ததும் அப்பாவை அந்தச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்து வாசிக்கச் சொல்வார். நான் இதைச் சொன்னதும் வங்கித் தம்பிக்கு ஹேஷ் விளங்கிவிட்டது. மிஸ் தன் குறிப்பில் "கரிக்கோடு" என்று எழுதினார். அடுத்த வகுப்பில் சொல்வாராக இருக்கும்.

மூன்றாம் நாள் பின்னேரம், எல்லோரும் பேக் கட்டுகிற நேரத்தில், சேர் ஒரு படிவம் கொடுத்தார். பொருள் கை மாறும் ஒவ்வொரு தடவையும் நிரப்புவது. யார் கொடுத்தது, யார் வாங்கியது, நேரம், வாங்கும்போது இருந்த நிலை, ஐஎம்இஐ என்கிற போனின் தனி இலக்கம், செய்தது என்ன. அதில் ஒரு கட்டம்: உரிமையாளரிடம் என்ன சொல்லப்பட்டது, அவர் என்ன பதில் சொன்னார். "சொன்ன வார்த்தையையே எழுதணும்" என்றார். "சம்மதிச்சாருன்னு எழுதுனா போதாது. நீங்க என்னா சொன்னீங்க, அவருக்கு என்னா விளங்கிச்சி?"

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கம்பளை தாண்டும் வரை அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2019, மழைக்காலம். ஒரு அம்மா கடைக்கு வந்தார், என் அம்மா வயது. சேலை முந்தானையில் முடிந்து ஒரு போன் கொண்டு வந்தார். கண்ணாடி நொறுங்கியிருந்தது. மகன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. லீவுக்கு வந்த இடத்தில் ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லை. யாரோ காசு விஷயமாக மிரட்டி வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார்களாம், தங்கச்சிக்காரி கேட்டிருக்கிறாள். "அய்யா, இத வேல செய்ய வெச்சிக் குடுங்க. பொலிஸ்ல காட்டணும்."

டிஸ்பிளே மாற்றினேன். போன் உயிரோடுதான் இருந்தது. பேட்டர்ன் லொக். அவருக்குத் தெரியாது, தங்கச்சிக்கும் தெரியாது. ஹார்ட் ரீசெட் போட்டால் திறக்கும், உள்ளே இருப்பது எல்லாம் போகும். அதை நான் சொல்லாமல் செய்யவில்லை. ஒவ்வொருவரிடமும் சொல்வது போல அவரிடமும் சொன்னேன்:

"அம்மா, டேட்டா போயிரும். பரவாயில்லியா?"

"போனா போகுதுங்கய்யா. போட்டுக்கலாம்."

வொலியூம் மேல் பட்டன், பவர் பட்டன், இரண்டும் சேர்த்து. பத்து நிமிடம். புதுப் போன் மாதிரி "வணக்கம், மொழியைத் தெரிவு செய்க" என்று வந்தது. 4,500 ரூபாயில் 500 குறைத்தேன்.

அடுத்த வாரம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "உள்ள ஒன்னுமே இல்லியாமே அய்யா." அவர் டேட்டா என்று விளங்கிக்கொண்டது ரீலோட் கார்ட்டில் போடுகிற டேட்டாவை. ஐம்பது ரூபாய்க்குப் போடுகிற டேட்டாவை. ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே இல்லை. எனக்கும் இல்லை, கடைக்கு வெளியே. இதெல்லாம் இப்போது விளங்குகிறது. அன்றைக்கு, நான்தான் கேட்டேனே, நீங்கதானே சரின்னீங்க என்று மனதுக்குள் எரிச்சல்பட்டேன். மீட்கும் சொஃப்ட்வெயார் இரண்டு போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கூகுளில் பெக்கப்பும் போட்டிருக்கவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கண்டியில்தான் படித்தேன். அந்தப் போன் உள்ளே எழுதுவதையெல்லாம் பூட்டியே எழுதுகிறது, ரீசெட் போடும்போது முதலில் எறிவது சாவியை. நான் பட்டனை அழுத்திய அந்தப் பத்து நிமிடத்தில் முதல் சில விநாடியிலேயே முடிந்திருக்கும். யார் யாரோடு பேசினார்கள் என்ற கணக்கைக் கோர்ட் உத்தரவோடு போன் கம்பனியிடம் கேட்டு வாங்கலாம். அந்த மிரட்டல் குரல் கம்பனியிடம் இருக்காது.

மகன் பிழைத்துக்கொண்டான். அன்றைக்கு இரவு நடந்தது ஒன்றும் அவனுக்கு ஞாபகமில்லை. அந்த அம்மா இப்போதும் சம்பள வாரத்தில் ரீலோட் போட வருவார். அட்டையைப் பார்த்தார், வாசிக்கத் தெரியாது, என்னவென்று கேட்டார். கேஸ் போன் வாங்குறதில்லம்மா என்றேன். "அது நல்லதுங்கய்யா, எதுக்கு வம்பு" என்றார்.

கண்டியிலிருந்து வந்த அன்று இரவே ஷட்டரை இறக்கிவிட்டு, அந்தப் படிவத்தில் ஒரு கொப்பி அடித்து நிரப்பத் தொடங்கினேன். திகதி: ஜூலையாக இருக்கலாம், நாள் தெரியாது. கொடுத்தவர்: தாய். ஐஎம்இஐ: எழுதப்படவில்லை. வாங்கும்போது நிலை: ஒன்னில் இருந்தது, 31 வீதம் சார்ஜ். அது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று எனக்கே விளங்கவில்லை. செய்தது: டிஸ்பிளே மாற்றம், ஹார்ட் ரீசெட். உரிமையாளரிடம் சொன்னது: "டேட்டா போயிரும், பரவாயில்லியா?" பதில்: "போனா போகுதுங்கய்யா. போட்டுக்கலாம்." கடைசிக் கட்டத்தில் செய்தவரின் பெயரும் கையெழுத்தும். அதை எழுதி, மடித்து, சார்ஜர் லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த சம்பள வாரம் அவர் வருவார்.